ஷ்வேடகோனின் எட்டு மூலையும் ஒரு சீலிங் ஃபேனும்: கலப்பெண்ணை ஒரு பெண்ணுக்கு எப்படிப் புரியவைப்பது?

#1 ரங்கூன் டியூஷன் அக்கா

எல்லாருக்கும் வணக்கம். ரங்கூனில் வீட்டில் வைத்தே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பெண் கேட்ட கேள்வி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. கணக்கு தெரிந்தவர்கள், தெரியாவிட்டாலும் உட்கார்ந்து யோசிக்கிறவர்கள், கொஞ்சம் கை கொடுங்கள்.

அன்றைக்குத்தான் கலப்பெண் (காம்ப்ளெக்ஸ் நம்பர்) பாடம் தொடங்கினேன். "மைனஸ் ஒன்றுக்கு வர்க்கமூலம் உண்டு என்று வைத்துக்கொள். அதை ஐ என்று எழுது. இதற்குப் பெயர் கற்பனை எண்" என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். "டீச்சர், மைனஸுக்கு வர்க்கமூலம் கிடையாதுன்னு முன்னாடி நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? இல்லாத ஒண்ணுக்குப் பேர் வெச்சா அது வந்துடுமா?"

நியாயமான கேள்வி. எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. "பரீட்சைக்கு வரும், எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது ராத்திரி முழுக்க உறுத்தியது.

சூத்திரமெல்லாம் எனக்குத் தெரியும். வேண்டியது, அவள் கண்ணால் பார்க்கிற, கையால் தொடுகிற ஏதாவது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவாள்.

#2 பெகு கேள்விக்காரன்

அந்தப் பெண் பக்கம்தான் நான். எந்த எண்ணையும் அதே எண்ணால் பெருக்கினால் மைனஸ் வராது. ப்ளஸ்ஸும் ப்ளஸ்ஸும் ப்ளஸ், மைனஸும் மைனஸும் ப்ளஸ். 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவீரர் என்ற கணித அறிஞர் (தீர்த்தங்கரர் இல்லை, இவர் வேறு) இதையே எழுதி வைத்திருக்கிறார்: எதிர்மறை எண் தன் இயல்பிலேயே ஒரு வர்க்கம் ஆகாது, ஆகவே அதற்கு வர்க்கமூலம் இல்லை. அவருக்குத் தெரியாததா? கதவு மூடியிருக்கிறது என்று நேர்மையாகச் சொன்னார். ஐரோப்பாக்காரர்கள் சுவரில் கதவு மாதிரி ஒரு படம் வரைந்துவிட்டு, உள்ளே போய்விட்டோம் என்கிறார்கள்.

உவமை சொல்கிறவர்கள் அலங்காரத்துக்காகச் சொல்ல வேண்டாம். எங்கே பொருந்துகிறது, எங்கே உடைகிறது என்று இரண்டையும் சொல்லுங்கள்.

#3 மோல்மேன் ஐயா

அம்மா, உங்கள் மாணவிக்கு என் ஆசிகள். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பாதிக் கோளாறு பெயரில் இருக்கிறது.

'கற்பனை' என்ற பெயரை 1637-இல் வைத்தவர் தெக்கார்த். அதைப் பாராட்டாக அவர் சொல்லவில்லை. இந்த விடைகள் மனதில் நினைத்துப் பார்க்க மட்டுமே என்று ஒதுக்கிவைத்த சொல் அது. அந்த ஒதுக்கல் நம் பாடப்புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது. காஸ் என்ற பெருங்கணிதர் 1831-இல் இதைக் குறைப்பட்டு எழுதினார். ப்ளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, மைனஸ் ஒன்றின் மூலம் ஆகிய மூன்றுக்கும் நேர் அலகு, எதிர் அலகு, பக்க அலகு என்று பெயர் வைத்திருந்தால் இத்தனை இருட்டு வந்திருக்காது என்பது அவர் கருத்து. பக்க அலகு! எவ்வளவு தெளிவான சொல்.

தமிழில் நமக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. மற்ற எண்களை 'மெய்யெண்' என்கிறோம். மெய் என்றதும் பிள்ளையின் மனம் 'அப்படியானால் மற்றது பொய்' என்று போகிறது. ஆனால் நம் இலக்கணத்தில் மெய்க்குத் துணை பொய் அல்ல, உயிர். மெய்யெழுத்து உடம்பு மாதிரி, புள்ளி வைத்து நிற்கும். உயிர் வந்து ஏறினால் உயிர்மெய். க் என்ற மெய்யோடு ஐ என்ற உயிர் சேர்ந்தால் கை. நீங்கள் எழுதிய அதே ஐ! மூன்று என்ற மெய்யெண்ணோடு நான்கு ஐ சேர்ந்தால் ஒரு கலப்பெண். இலங்கையில் இதைச் சிக்கலெண் என்கிறார்கள். பிள்ளைகளிடம் அதைச் சொல்லித் தொடங்காதீர்கள், நூல் சிக்கியது போல முகம் சுருங்கிவிடும்.

அவள் சின்ன வயதில் மனப்பாடம் செய்த உயிர்மெய் அட்டவணையைக் காட்டுங்கள். பக்கவாட்டில் பன்னிரண்டு உயிர், மேலிருந்து கீழே பதினெட்டு மெய், குறுக்கும் நெடுக்குமாக 216 கட்டம். ஒரு எழுத்தைச் சொல்ல இரண்டு முகவரி வேண்டும். கலப்பெண்ணுக்கும் இரண்டு முகவரி வேண்டும்.

#4 பெகு கேள்விக்காரன்

ஐயா, கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் 'கா'வை 'கா'வால் பெருக்க முடியுமா? அந்த அட்டவணையில் சுழிக்கு (பூச்சியத்துக்கு) இடம் உண்டா? இரண்டு முகவரி என்றால் சினிமா கொட்டகை டிக்கெட்டுக்கும் இருக்கிறது, வரிசை எண், இருக்கை எண். அதை யாரும் எண் என்று சொல்வதில்லை. எண் என்றால் பெருக்க வேண்டும், வகுக்க வேண்டும். மைனஸ் ஒன்று எங்கே வந்தது? அதுதானே அந்தப் பெண்ணின் கேள்வி.

#5 மோல்மேன் ஐயா

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. அட்டவணை கூட்டலின் வாசல் வரைக்கும்தான் கூட்டிப்போகும். பெருக்கலுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும். என் உவமையை அந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். மெய்க்குத் துணை பொய் இல்லை என்ற அளவுக்கு மட்டும் அது உதவட்டும்.

#6 லைன்மேன் தம்பி

அக்கா, நான் எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவன், ரங்கூன்தான். புத்தகக் கணக்கு அதிகம் தெரியாது. ஆனா ஐ-யைத் தினமும் கையால தொடுறேன், அதனால எழுதுறேன்.

உங்க வீட்டு சீலிங் ஃபேனைப் பாருங்க. மேல மூடிக்குள்ள தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெருசா ஒரு டப்பா இருக்கும், கண்டென்சர். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட்னு போட்டிருக்கும். அது செத்துப்போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? சுவிட்சைப் போட்டா ஃபேன் 'ம்ம்ம்'னு முனகும், சுத்தாது. கரண்ட் போகுது, காயில்ல காந்தமும் வருது. ஆனா அந்தக் காந்தம் முன்னாடி பின்னாடி, முன்னாடி பின்னாடின்னு ஒரே கோட்டுல வினாடிக்கு 50 தடவை போய்ட்டு வருது. ஒரே கோட்டுல எவ்வளவு வேகமா ஆடினாலும் அது சுத்தலாகாது.

கண்டென்சர் என்ன பண்ணுது? பக்கத்துல இன்னொரு காயில், முதல் காயிலுக்குக் குறுக்கா வெச்சிருப்பாங்க. அதுக்குப் போற கரண்டைக் கண்டென்சர் கிட்டத்தட்ட கால் சுற்று முன்னாடி தள்ளிவிடுது. ஒரு காயிலோட காந்தம் உச்சத்துல இருக்கும்போது இன்னொண்ணு சுழியில, இது சுழிக்கு வரும்போது அது உச்சத்துல. ரெண்டும் சேர்ந்தாத்தான் காந்தம் வட்டமா சுத்தும், ரெக்கை பின்னாலேயே ஓடும்.

கால் சுற்று தள்ளுறதுக்குப் பேர்தான் ஐ. ரெண்டு தடவை கால் சுற்று தள்ளினா அரைச் சுற்று, அதாவது தலைகீழ், அதாவது மைனஸ். ஐயை ஐயால பெருக்கினா மைனஸ் ஒண்ணு. அவ்வளவுதான் அக்கா. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, ஐ இல்லைன்னா ஃபேன் முனகும், சுத்தாது.

#7 பெகு கேள்விக்காரன்

தம்பி, இது எனக்கு உறைத்தது. சும்மா சொல்லவில்லை. பெருக்குவது என்றால் திருப்புவது. மைனஸ் ஒன்றால் பெருக்குவது ஏற்கெனவே அரைச் சுற்று. கிழக்கே பார்த்தவனை மேற்கே பார்க்கவைப்பது. அப்படியானால் 'எதை இரண்டு முறை செய்தால் அரைச் சுற்று வரும்?' என்பதுதான் கேள்வி. மகாவீரர் நின்றது ஒற்றையடிப் பாதையில். அதில் முன்னே போகலாம், பின்னே போகலாம், பக்கத்தில் திரும்ப இடமில்லை. அந்தப் பாதையில் நின்று அவர் சொன்னது முழுக்கச் சரி.

ஆனால் ஒரு சந்தேகம். கண்டென்சர் செத்த ஃபேனை நீளக் குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றுகிறதே? எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒரு மாசம் ஓட்டினோம்.

#8 லைன்மேன் தம்பி

அண்ணே, இதைத்தான் யாராவது கேட்கணும்னு இருந்தேன். தள்ளினா சுத்தும். எந்தப் பக்கம் தள்ளுறீங்களோ அந்தப் பக்கம் சுத்தும்! வலப்பக்கம் தள்ளினா வலம், இடப்பக்கம் தள்ளினா இடம். அந்த முன்ன பின்ன ஆட்டத்துக்குள்ள ரெண்டு சுத்தல் ஒளிஞ்சிருக்கு, ஒண்ணு இடமா, ஒண்ணு வலமா, ரெண்டும் சம பலம். ரெண்டும் சேர்ந்து ஒண்ணோட பக்கவாட்டை இன்னொண்ணு அழிச்சிடுது, நடுக்கோட்டுல ஆட்டம் மட்டும் மிச்சம். நீங்க குச்சியால ஒரு பக்கத்துக்கு ஆள் சேர்த்துவிடுறீங்க. (மேல கை வைக்கறதுக்கு முன்னாடி சுவிட்சை அணைச்சிடுங்க, தயவுசெஞ்சு. குச்சிகூட வேண்டாம், கண்டென்சர் பெரிய விலை இல்லை.)

#9 ரங்கூன் டியூஷன் அக்கா

தம்பி, நீங்கள் சொன்னதுதான் புத்தகத்தில் 'இணைக் கலப்பெண்' என்ற தலைப்பில் இருக்கிறது! 3 கூட்டல் 4ஐ, 3 கழித்தல் 4ஐ. இரண்டையும் கூட்டினால் ஐ அழிந்து 6 மட்டும் நிற்கும். பத்து வருஷமாக இதை வெறும் விதியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்று சமையலறை ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன், அரிசி பொங்கிவிட்டது.

ஜெனரேட்டர் வைக்கும்போது கேவிஏ, கிலோவாட் என்று இரண்டு கணக்குச் சொல்வீர்களே, அதுவும் இதுதானா?

#10 லைன்மேன் தம்பி

அதேதான் அக்கா. நம்ம அபார்ட்மெண்ட்ல மேல் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற மோட்டாரை எடுத்துக்கோங்க. 800 வாட் உண்மையா வேலை செய்யுது, தண்ணியைத் தூக்குது. அதுபோக 600 அளவுக்குக் கரண்ட் கைமாத்து மாதிரி. மோட்டார் காந்தம் உண்டாக்க லைன்கிட்ட வாங்கும், காந்தம் சரியும்போது லைனுக்கே திருப்பிக் கொடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கல் வினாடிக்கு 100 தடவை நடக்குது. செலவாகறது இல்லை, அதனால வீட்டு மீட்டர் அதைக் காட்டாது. ஆனா கைமாத்துப் பணமும் அதே ஒயர் வழியாத்தானே போய் வரணும்? ஒயர் சூடாகும், ஜெனரேட்டர் அதையும் சுமக்கணும்.

ஆக மோட்டார் 800 கூட்டல் 600ஐ. ஜெனரேட்டருக்கு எவ்வளவு சுமை? 1400 இல்லை. எட்டுக்கு ஆறு குறுக்கே நின்னா கர்ணம் பத்து. 1000 விஏ, அதாவது வோல்ட்-ஆம்பியர். பைதாகரஸ்தான்.

இதை டாங் டெஸ்டர் (ஒயரைச் சுத்திப் பிடிச்சு கரண்டை அளக்கிற கருவி) வெச்சுப் பார்த்திருக்கேன். 230 வோல்ட்ல மோட்டார் தனியா 4.35 ஆம்பியர். 700 வாட் ரைஸ் குக்கர் தனியா 3.04. ரெண்டையும் சேர்த்துப் போட்டா 7.39 வரணும்ல? வராது. 7.02 தான் வரும். குக்கர்ல ஐ இல்லை, அது நேர்க்கோட்டு ஆள். நேர்ப்பகுதி 800ம் 700ம் சேர்ந்து 1500, ஐ பகுதி 600 அப்படியே. கர்ணம் 1615 சொச்சம். 230-ஆல வகுத்துப் பாருங்க.

மோட்டாருக்குப் பக்கத்துலயே சரியான அளவுக் கண்டென்சர் வெச்சா அது 600ஐ-யைத் தானே கொடுத்து வாங்கிக்கும், லைன் வரைக்கும் போகாது. ஒயர்ல 3.48 ஆம்பியர் மட்டும் போகும். தண்ணி அதே அளவு ஏறும். இந்தக் கணக்கை 1893-லேயே ஸ்டைன்மெட்ஸ்னு ஒருத்தர் எஞ்சினியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதுக்கு முன்னாடி ஏசி கரண்ட் கணக்குன்னா பக்கம் பக்கமா எழுதணுமாம்.

#11 மோல்மேன் ஐயா

கைமாத்து என்றதும் எனக்கு 1572-இல் பொம்பெல்லி என்ற இத்தாலிய எஞ்சினியர் செய்தது நினைவு வருகிறது. அவருக்கு முன் 1545-இல் கார்டானோ பத்தை இரண்டாகப் பிரித்து, பெருக்கினால் நாற்பது வரவேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு, மைனஸ் பதினைந்தின் மூலத்தில் போய் முட்டிக்கொண்டார். விடையை எழுதிவிட்டு, நுட்பமானது, பயனற்றது என்று விட்டுவிட்டார். பயனைக் காட்டியவர் பொம்பெல்லி.

ஒரு எண்ணின் கனம் (முப்படி), அந்த எண்ணின் பதினைந்து மடங்கோடு நான்கு சேர்த்ததற்குச் சமம். எந்த எண்? நான்கு. 64-க்கு 60 கூட்டல் 4, சரியாக இருக்கிறது. இதில் கற்பனை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காலத்துச் சூத்திரத்தில் போட்டால் நடுவில் மைனஸ் 121-இன் மூலம் வந்து நிற்கிறது. பொம்பெல்லி பயப்படாமல் மேலே நடந்தார். 2 கூட்டல் ஐ என்பதை மூன்று முறை பெருக்கினால் 2 கூட்டல் 11ஐ வருகிறது என்று கண்டார். அதனால் ஒரு பாதி 2 கூட்டல் ஐ, மறுபாதி 2 கழித்தல் ஐ. கூட்டினால் ஐ-யும் ஐ-யும் கழிந்து நான்கு.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. 2005-இல் தான்லுவின் ஆற்றில் பாலம் திறக்கும் முன்னால் ரங்கூனிலிருந்து வருகிற ரயில் மார்த்தபானோடு நின்றுவிடும். இறங்கி, படகில் ஆற்றைக் கடந்துதான் மோல்மேன். ஏறிய இடமும் தரை, சேருகிற இடமும் தரை, நடுவில் தண்ணீர். தண்ணீரில் தண்டவாளம் இல்லையே என்று மார்த்தபானில் உட்கார்ந்திருந்தால் வீடு போய்ச் சேர முடியாது. மூட்டையைத் தலையில் வைத்து, காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறுவோம். பொம்பெல்லியின் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகை ஆடுவது காலில் தெரியும்.

#12 தட்டோன்காரி

ஐயா எழுதியதைப் படித்து அழுகையே வந்தது. எங்க தாத்தா அந்தப் படகைப் பற்றித்தான் எப்பவும் பேசுவார்.

எனக்கு வேறொரு சந்தேகம். மைனஸ் எண்ணே ஒருகாலத்தில் கற்பனைதானே? மூன்று மாங்காய் பார்த்திருக்கிறேன். மைனஸ் மூன்று மாங்காய் பார்த்ததில்லை.

#13 பெகு கேள்விக்காரன்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், சகோதரி. 628-இல் பிரம்மகுப்தர் எதிர்மறை எண்ணுக்கு விதி எழுதியபோது அதைக் கடன் என்றார், நேர் எண்ணைச் சொத்து என்றார். கடனைக் கண்ணால் பார்த்தவர் யார்? பேரேட்டில் பற்றுப் பக்கத்தில் மையால் எழுதிய ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் இந்த நாட்டில் அந்த வரி என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் பெட்டிகளின் (வட்டிக்கடைகளின்) கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை. 1938-க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து. உழுதவனுக்கு நிலம் போயிற்று, கொடுத்தவர்களுக்கு விரும்பாத நிலமும் ஊர்ப்பகையும் வந்தது. அந்தப் பகையின் சூட்டை நம் தாத்தா பாட்டிகள் எல்லாரும் அனுபவித்தார்கள். பார்க்க முடியாத எண்ணைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த இழை தொடங்கியபோது கற்பனை எண்ணை எதிர்த்தவன் நான். இப்போது என் எதிர்ப்பு, பாதி எண்ணுக்கு மட்டும் 'மெய்' என்று பட்டம் கொடுத்தது மேல்தான்.

#14 தட்டோன்காரி

அப்போ 3 கூட்டல் 4ஐ பெரிசா, 5 பெரிசா? மூன்றுக்கு நான்கு குறுக்கே நின்றால் கர்ணம் 5, ஆக இரண்டுக்கும் நீளம் 5 தானே.

#15 ரங்கூன் டியூஷன் அக்கா

அங்கேதான் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது தங்கச்சி. கலப்பெண்களை வரிசையில் நிறுத்தி இது பெரிது, அது சிறிது என்று சொல்ல முடியாது. ஐ சுழியைவிடப் பெரிது என்று வைத்துப் பார்: இரு பக்கமும் ஐ-யால் பெருக்கினால் மைனஸ் ஒன்று சுழியைவிடப் பெரிது என்று வந்துவிடும். சிறிது என்று வைத்தால், அதன் எதிர் பெரிது. அதை அதாலேயே பெருக்கினால் மறுபடியும் அதே தப்பு. வடக்கு கிழக்கைவிடப் பெரியதா என்று கேட்பதுபோல. தூரத்தை ஒப்பிடலாம், திசையை ஒப்பிட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஐ எது, கழித்தல் ஐ எது? இரண்டையும் வர்க்கமாக்கினால் மைனஸ் ஒன்றுதான். உலகத்திலுள்ள எல்லாக் கணக்குப் புத்தகத்திலும் ஒரே ராத்திரியில் ஐ இருக்கும் இடத்தில் கழித்தல் ஐ போட்டுவிட்டால், காலையில் ஒரு கணக்கும் தப்பாகாது.

#16 லைன்மேன் தம்பி

அக்கா, நம்ம ரோடு மாதிரி! 1970-ல இந்த நாட்டுல இடப்பக்கம் ஓட்டினதை வலப்பக்கமா மாத்தினாங்க. ரோடு, சிக்னல், திருப்பம் எல்லாத்தையும் கண்ணாடி பிம்பமா மாத்திட்டா ஒரு சிக்கலும் இல்லை, எல்லாம் பழையபடி ஓடும். ஆனா காரை மாத்தலையே. இன்னும் எத்தனை ஜப்பான் கார் வலப்பக்கம் ஸ்டியரிங்கோட வலப்பக்கமே ஓடுது. முன் சீட்டுல இருக்கிறவர் கதவைத் திறந்தா நடு ரோட்டுல இறங்கணும். ஐ-யை மாத்தினா எல்லா இடத்துலயும் மாத்தணும், பாதியில விட்டா அடிபடும்னு சொல்லலாமா?

#17 ரங்கூன் டியூஷன் அக்கா

சொல்லலாம் தம்பி. இதைவிட நன்றாக நான் ஒரு புத்தகத்திலும் பார்த்ததில்லை.

#18 பெகு கேள்விக்காரன்

கடைசியாக ஒன்று. பை என்கிற 3.14-ஐயும் ஐ-யையும் வட்டி எண்ணையும் (2.718 என்று தொடங்குமே, அது) சேர்த்து மைனஸ் ஒன்று வரவைக்கும் ஒரு சமன்பாட்டை எல்லாரும் அழகு என்கிறார்கள். மனப்பாடமாகச் சொல்கிறார்களே தவிர, ஏன் என்று சொல்பவரைக் காணோம்.

#19 மோல்மேன் ஐயா

தம்பி, நீங்கள் பேரேட்டைத் திறந்தீர்கள், அதிலிருந்தே சொல்கிறேன். வட்டி ஒவ்வொரு கணமும் அசலில் சேர்கிறது என்று வையுங்கள். அசல் நிற்கும் திசையிலேயே வட்டி சேர்ந்தால் நேரே வளர்ந்துகொண்டே போகும். அதுதான் அந்த 2.718 எண்ணின் குணம். இப்போது வட்டியை ஐ-யால் பெருக்குங்கள். அளவு அதேதான், ஆனால் ஒவ்வொரு கணமும் அசலுக்குக் குறுக்கே, கால் சுற்றுத் திரும்பிச் சேர்கிறது. என்ன ஆகும்? கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றுகிற பையனைப் பாருங்கள். கல்லின் ஓட்டம் எப்போதும் கயிற்றுக்குக் குறுக்கே. அது கையை விட்டுத் தூரப் போவதும் இல்லை, கிட்டே வருவதும் இல்லை, வட்டம் போடுகிறது. ஆரம் ஒன்று என்றால் அரை வட்டத்தின் நீளம் பை. அவ்வளவு காலம் குறுக்கே நடந்தால் எதிர்ப் பக்கம் போய்ச் சேரும். ஒன்றில் புறப்பட்டது மைனஸ் ஒன்றில் நிற்கிறது.

#20 ரங்கூன் டியூஷன் அக்கா

எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

ஃபேனையும் ரைஸ் குக்கரையும் வைத்து ஒரு மணி நேரம் பேசினோம். அவள் நன்றாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் 'மீ பியெத்' (கரண்ட் கட்) ஆகிவிட்டது, கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. அவள் அம்மா ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போவதாக இருந்தார்கள். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் இந்த இழைதான் மனசில். தெற்குப் படியேறி மேலே வந்து, சாயந்தர வெயிலில் வெறுங்காலோடு சலவைக்கல் மேல் நின்றதும் ஒன்று தோன்றியது.

உங்களுக்குத் தெரியும், பகோடாவைச் சுற்றி எட்டுத் திசைக்கும் எட்டுக் கிழமைக் கம்பங்கள். புதன்கிழமையைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்து எட்டு. அவரவர் பிறந்த கிழமைக்குரிய கம்பத்தில் தண்ணீர் ஊற்றுவோம். கிழக்கே திங்கள், புலி. வடகிழக்கே ஞாயிறு, கருடன். வடக்கே வெள்ளி, கினிப்பன்றி. வடமேற்கே புதன் மாலை, ராகு, தந்தமில்லாத யானை. மேற்கே வியாழன், எலி. தென்மேற்கே சனி, நாகம். தெற்கே புதன் காலை, தந்தமுள்ள யானை. தென்கிழக்கே செவ்வாய், சிங்கம்.

அவளிடம், "கிழக்குப் புலியை ஒன்று என்று வை" என்றேன். "மேற்கு எலி மைனஸ் ஒன்று. வடக்குக் கினிப்பன்றி ஐ. தெற்கு யானை கழித்தல் ஐ. புலியிலிருந்து வடக்கு நோக்கிப் பாகையை எண்ணு. இரண்டு கம்பத்தைப் பெருக்குவது என்றால் இரண்டின் பாகையையும் கூட்டுவது." பகோடாவை நாம் வலமாகச் சுற்றுகிறோம், கணக்கில் பாகை இடமாக ஏறும். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் குழம்பும். வலமாகக் கால் சுற்று நடந்தால் அது கழித்தல் ஐ-யால் பெருக்கியது.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. பிறகு, "வெள்ளியை வெள்ளியால பெருக்கினா வியாழன். தொண்ணூறும் தொண்ணூறும் நூத்தியெண்பது. ஐ ஐ மைனஸ் ஒண்ணு." அடுத்து, "ஞாயிறும் செவ்வாயும் திங்கள். கருடனும் சிங்கமும் பெருக்கினா புலி, ஒண்ணு. நாப்பத்தஞ்சும் முந்நூத்திப் பதினஞ்சும் முழுச் சுற்று." இது லைன்மேன் தம்பி சொன்ன இணைதான், கிழக்கு மேற்குக் கோட்டில் கண்ணாடி வைத்தால் கருடன் சிங்கமாகத் தெரியும், ராகு நாகமாகத் தெரியும் என்றேன்.

அவள் பிறந்தது சனிக்கிழமை. தென்மேற்கே போய் நாகத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். வயசுக்கு ஒன்று கூட்டி அத்தனை குவளை. ஊற்றிக்கொண்டே இருந்தவள் பாதியில் நின்றாள். குவளை கையிலேயே இருக்கிறது.

"டீச்சர், சனியை சனியால பெருக்கினா நானூத்தி ஐம்பது. ஒரு சுற்றைக் கழிச்சா தொண்ணூறு. வெள்ளி. ஐ. ஆனா ஞாயிறை ஞாயிறால பெருக்கினாலும் தொண்ணூறுதானே? அப்ப ஐ-க்கும் ரெண்டு வர்க்கமூலம். கருடன் ஒண்ணு, நாகம் ஒண்ணு. நேர் எதிர் எதிரா நிக்குதுங்க."

நான் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கருடனும் நாகமும் ஒன்றின் எதிர் இன்னொன்று என்பதைக்கூட இதற்கு முன் நான் இப்படி நினைத்ததில்லை.

ராகுவுக்கு வர்க்கமூலம் எது என்று கேட்டேன். "நூத்தி முப்பத்தஞ்சுல பாதி அறுபத்தேழரை" என்றாள். வடகிழக்குப் பக்கம் கூட்டிப்போனாள். கருடனுக்கும் கினிப்பன்றிக்கும் நடுவில், கண்ணாலேயே அளந்து, ஓரிடத்தில் போய் நின்றாள். அங்கே கம்பம் இல்லை. ஒரு குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. "இங்கதான் டீச்சர்" என்று காலால் சலவைக்கல்லைத் தொட்டுக் காட்டினாள். "இன்னொண்ணு எதிர்ப்பக்கம் இருக்கணும்."

வலமாகவே நடந்தாள். கருடன், புலி, சிங்கம், யானை என்று எண்ணிக்கொண்டே போனாள். நானும் அவள் அம்மாவும் பின்னால். யானையைத் தாண்டி நாகத்துக்கு முன்னால், இரண்டுக்கும் சரிபாதியில் நின்று திரும்பிப் பார்த்தாள். விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள்.

#21 லைன்மேன் தம்பி

அக்கா, அடுத்த வாரம் அந்தப் பொண்ணு வரும்போது சொல்லுங்க, பழைய ஃபேன் ஒண்ணு கொண்டாறேன். கண்டென்சரை அவளே மாத்தட்டும்.